வீட்டுக் கடிதத்தில் இல்லாத பெயர்

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நகரில் இலவச சட்ட உதவி கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் சட்டத்தரணியாக இருந்தேன். அந்தப் பெண் வந்த நாளில் நல்ல மழை. அவளுடைய இடது கண்ணோரம் வீங்கியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, "தகரம் விழுந்திருச்சுங்க மிஸ்" என்றாள்.

பேச்சிலேயே இந்த ஊரில்லை என்று தெரிந்தது. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே வீடு கட்டும் மேசன் வேலைக்குப் போன, எங்கள் பக்கத்துத் தேற்றாத்தீவு ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கடல் அவர்களுடைய வீட்டைக் கொண்டுபோனது. கணவன், மாமியார், நாலு வயது மகளோடு நெடுநாள் தற்காலிகக் கொட்டிலில் இருந்து, அப்போதுதான் வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கிடைத்திருந்தது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. சீதனமாக மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். வீட்டுத்திட்டப் படிவத்திலோ 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் எல்லோரும் ஆண்களின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீடு கொடுத்த கடிதமும் அந்தப் பெயரில் மட்டுமே வந்தது. குடித்துவிட்டு அடிக்கும்போதெல்லாம் கணவன் அதைத்தான் சொன்னானாம்: "இது என்ட வீடு. நீ உன்ட தோட்டத்துக்குப் போ."

தன் அக்காமார் இருவரையும் கடல் கொண்டுபோன பிறகுதான் அவன் இப்படியானான் என்றும் அவளே சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்குத் தாய் வீட்டில போய் இருங்க. நான் இங்க அலுவலைப் பாக்கிறன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் போயிட்டா அந்த வீட்டுல எனக்குப் பாத்தியதை இல்லைன்னு ஆயிடுங்க மிஸ். அதுக்குக் கல்லு சுமந்தவ நான். என் புள்ள பொறந்ததும் இங்கதான்."

அவளுடைய பாதுகாப்பை நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் அவளுக்குப் போக வேறு ஊர் இருக்கிறது என்று, அவள் கணவனைப் போலவே நானும் எண்ணியிருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போகும்வரை அது உறுத்தியது.

பொலிஸில் குடும்பப் பிரச்சினை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். விவாகச் சான்றிதழையும் கடல் கொண்டுபோயிருந்தது. பதுளைக்கு எழுதிப் பிரதி எடுப்பதற்குள் யுத்தம் மறுபடி மூண்டு, பாதைகள் அடிக்கடி மூடப்பட்டன. குடும்ப வன்முறைச் சட்டம் அப்போது புதிது. எனக்கே அது முதல் வழக்கு. எப்படியோ இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை ஒன்று பெற்றோம்.

விசாரணை நாளில் கணவன் தன் தாயைச் சாட்சிக்குக் கூட்டி வந்தான். மாமியாரைக் கண்டதும் இவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

மகன் மருமகளை அடித்ததைக் கண்டதுண்டா என்று நீதவான் கேட்டார்.

"ஓம் ஐயா, அடிக்கிறவன்தான்" என்றார் அந்தத் தாய். கணவனுடைய சட்டத்தரணி தடுக்க எழுந்தார். தாய் நிறுத்தவில்லை. "நான் பெத்த புள்ளதான். ஆனா கடல் வரக்குள்ள இவன் ஊரில இல்ல. இடுப்பில புள்ளையோட என்ட கையையும் புடிச்சி இழுத்துப்போட்டவள் இவள்தான். ரெண்டு பொம்புளப் புள்ளையளைக் குடுத்திட்டு நிக்கிறன். இவளையும் குடுக்கேலா."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கையிலிருந்த கடதாசிகளைத் திருப்பிக்கொண்டு நின்றேன். என் கண் கலங்கியதை யாரும் பார்க்கக்கூடாது என்றிருந்தது.

ஒரு வருடத்துக்கு அவன் அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று கட்டளையானது. பழுகாமம் என்ற ஊரில் உறவினரோடு தங்கி வயல் வேலைக்குப் போனான். வீட்டுக் கடிதத்தில் அவள் பெயரைச் சேர்க்கத்தான் வருடக்கணக்கானது. யுத்தத்தால் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்த சனம் கூடாரங்களில் நிறைந்திருந்த காலம் அது. பிரதேச செயலகத்தில் எங்கள் கோப்பை எடுத்துப் பார்க்க ஆளில்லை. மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போய்க் காத்திருந்தார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்குரிய காணி அனுமதிப்பத்திரம் வந்தது. அதைக் கொண்டுவந்து என்னை வாசிக்கச் சொன்னாள். கணவன் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவதாக. முதலாவதாகப் போடக் கேட்டிருக்கலாம் என்றேன். "பரவாயில்லைங்க மிஸ், இருக்குதுல்ல" என்றாள்.

அவன் இப்போது எப்படி என்று கேட்டேன்.

"வாராரு, புள்ளையப் பாத்துட்டுப் போறாரு. குடி விடல. கை நீட்டுறதில்ல."

வெளியே வாங்குப் பலகையில் இருந்த மாமியார், பஸ் போகப்போகுது என்று கூப்பிட்டார். அவள் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.