மூலையில்லாத மேலாடை

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில், கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்குச் சேலையும் வேட்டியும் கட்டிவிடுவது என் வேலை. அப்படிப்பட்டவன் மகளின் வரலாற்று ஆசிரியையோடு ஒருமுறை வாதாட வேண்டி வந்தது.

பாடசாலையில் பழங்கால உடைகளை மேடையில் காட்டும் விழா. குலுக்கலில் மகளின் பங்குக்கு எட்ருஸ்கர் வந்தார்கள். உரோமருக்கும் முன்னரே இத்தாலியில் நன்றாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய சுடுமண் சிலை ஒன்றின் படத்தை அவள் கொண்டுவந்தாள். நடந்துவருகிற ஆள், தோளில் மேலாடை. ஆனால் ஆசிரியை, எல்லோரும் வெள்ளை பெட்ஷீட்தான் சுற்ற வேண்டும், வேறு உடை என்றால் மேடை இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

சிலையில் இருப்பதைத்தான் உடுப்பேன் என்று மகள் அழுதாள். நான் இன்னும் உடுக்காத ஒரு கோடி வேட்டியை எடுத்து, கை பழகிய மாதிரியே கொசுவம் வைத்து, கரை முன்னால் தெரியக் கட்டிவிட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அப்பா, இது கலியாண மாப்பிள்ளை."

அதற்குப் பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நேர்த் துணியை எப்படிப் போர்த்தாலும் எங்கேயாவது ஒரு மூலை தொங்கும். சிலையில் மூலையே இல்லை. கரை வளைந்துகொண்டே போகிறது. துணியையே அரைவட்டமாக வெட்டி, முனை இரண்டையும் தோள் மடிப்புக்குள் விட்டிருக்கிறார்கள்! கோடி வேட்டியில் கத்தரி வைப்பதா என்று மனைவி தடுத்தார். வைத்தேன். கரையைப் பிரித்து, வளைவில் சுருக்கம் விழாமல் தைக்க ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

விழாவன்று மேடைப் படியருகே ஆசிரியை மகளை மறித்தார். கெட்ட மனுசி அல்ல. அத்தனை பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டியவர். எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டார்.

"துணி விழுற விதம் தெரியும், டீச்சர். இந்தப் படத்தில ஒரு மூலையைக் காட்டுங்கோ. இப்பவே கழட்டிப்போட்டு பெட்ஷீட் சுத்திவிடுறன்."

படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மூலை அகப்படவில்லை. என்றாலும் சொன்னது சொன்னதுதான், வரிசையைக் குழப்ப முடியாது என்றார்.

"அப்ப நான் கடைசியா, தனியப் போறன் டீச்சர்" என்றாள் மகள்.

அவர் வழிவிடவும் இல்லை, பிடித்து நிறுத்தவும் இல்லை. பெட்ஷீட் வரிசை இறங்கியதும் மகள் ஏறினாள். வளைந்த கரை சபைக்குத் தெரியும்படி முதுகைக் காட்டி நின்றாள். மற்றவர்களுக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்த ஆசிரியை அவளுக்குப் புள்ளி போடவில்லை. நாங்கள் கேட்கப் போகவும் இல்லை.