தங்கமணி அக்காவின் போர் விமானங்கள்

தங்கமணி அக்கா இறந்த செய்தி எங்கள் விமான மாதிரி சேகரிப்பாளர் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். "விமானங்களை எல்லோர் கையிலும் கொடுத்து மகிழ்ந்த எங்கள் அன்புச் சகோதரி" என்று குழுவின் செயலாளர் எழுதியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதைப் படிக்கும் உங்களுக்காவது நடந்தது தெரிய வேண்டும்.

அக்கா, தமிழ் பேசும் எல்லையோரக் கிராமமான மார்டள்ளியின் விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் ஆலையில், அச்சில் வார்த்து வரும் உலோகப் பாகங்களைச் சோதித்துப் பிரிப்பவர். அதே போல உலோகத்தில் வார்த்த போர் விமான மாதிரிகள் மீது அவருக்குப் பெரும் பித்து. ரஃபேல், மிராஜ், தேஜஸ் எல்லாம் வைத்திருந்தார். குழுவுக்கு வந்த முதல் நாள் செயலாளர், "பையனுக்கா மேடம்?" என்றார்.

"இல்லீங்க, எனக்குத்தான்."

சிரித்தோம். நானும்தான். கொஞ்ச நேரத்தில் செயலாளரின் விமானத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "சார், இந்த றெக்கையில அச்சு சரியாச் சேரலீங்க. பெயின்ட் போட்டு மூடியிருக்காங்க" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருத்தி தோழியோடு வந்தாள். எல்லா மேசையிலும் கண்ணாடிப் பெட்டிகள், 'தொடாதீர்கள்' அட்டைகள். அக்கா தன் பெட்டியைத் திறந்து இரண்டு விமானங்களை அவள் கைகளில் வைத்தார்.

"மூக்குக்குப் பின்னால தடவிப் பாரு கண்ணு. சின்ன றெக்கை தட்டுப்படுதா? அது ரஃபேல். இன்னொண்ணுல இருக்காது. அது மிராஜ்."

அந்தப் பெண் சத்தமாகச் சிரித்தாள். அந்த ஆர்வத்தில் மிராஜின் மூக்கு நுனியில் நீட்டியிருந்த ஊசி உடைந்தது. செயலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது, பொம்மைக் கடையா? வேல்யூவே போச்சு!"

"என்னோட விமானம்தானுங்களே சார்? கண்ணாடிக்குள்ள வெச்சா இந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினாள். அடுத்த கண்காட்சியில் அக்காவுக்கு மேசை தரவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கையில் அக்கா விமானத்தை வைத்தபோது யாரோ எடுத்த படத்தைத்தான் இப்போது அஞ்சலியில் போட்டிருக்கிறார்கள். வெட்கம் வேண்டாமா?

அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து, படுக்கையில் விழும்வரை ஞாயிறுதோறும் அவள் தங்கியிருந்த பார்வையற்ற மாணவிகள் விடுதிக்குத் துணிப்பையில் விமானங்களைச் சுமந்து போனார்.

துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் செயலாளர் அக்காவின் கணவரிடம் மெல்லக் கேட்டார்: "பாக்ஸோட இருக்கிற பீஸெல்லாம் பத்திரமா இருக்கா சார்? நம்ம குரூப்புலயே யாராவது வாங்கிப்பாங்க."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "பெட்டியெல்லாம் எப்பவோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டா. விமானம் அத்தனையும் அந்த ஹாஸ்டல்ல இருக்குது. புள்ளைங்க கையில தேயட்டும்னு சொல்லிட்டா."

இவ்வளவையும் குழுவில் எழுதினேன். சில நிமிடங்களில் பதிவை அழித்து என்னையும் நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே, என் முகநூல் பக்கத்தில் எழுதுகிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. விமானம் உடைந்த கண்காட்சிக்கு மறுநாள் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் கோபமே இல்லை.

"ஏன் தம்பி, நேத்து நீயாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாமில்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.