ஷியூமான் கடையின் மேனேஜர்

கீலுங் துறைமுகச் சந்தில் ஷியூமான் நடத்தும் முடிதிருத்தும் கடைத் தரையில் ஒரு முடி கிடந்து நான் பார்த்ததில்லை. நான் குடியிருப்பது அந்தக் கடைக்கு மேல் மாடியில். வெட்டுகிற முடி தரையைத் தொடுமுன்பே பாதி வழியில் பிடித்துவிடுவாள் என்பான் எதிர்க்கடை மீன் உருண்டைக்காரன் ஆகுய்.

அப்பேர்ப்பட்டவள் வளர்த்தது ஒரு பிளென்னி மீன். விரல் நீளம், சேற்று நிறம், தடித்த உதடு, தலை உச்சியில் முளைத்த கண்கள். உப்புநீர்த் தொட்டியில், கல் பொந்துக்குள் உடம்பை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் நீட்டி, வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கும். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

புது வருஷத்துக்குள் பழைய அழுக்கோடு நுழையக்கூடாது என்பதால் சந்து முழுக்கக் கழுவிக்கொண்டிருந்த வாரம் அது. மின்விசிறி இறக்கைகளை முடித்துவிட்டு ஷியூமான் தொட்டிக்கு வந்தாள். கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தாள். கற்களையும் விடவில்லை. தொட்டி நகைக்கடை போல மின்னியது.

மேனேஜர் மெலிய ஆரம்பித்தார். வயிறு ஒட்டிப்போயிற்று. இறால் துணுக்கு போட்டால் வாயில் வாங்கித் துப்பினார்.

"உன் சமையல் பிடிக்கல போல. என் உருண்டையில ஒண்ணு போடட்டுமா?" என்றான் ஆகுய்.

"சொந்தக்காரங்களையே திங்கச் சொல்றியா? போய்யா."

மீன் வாங்கிய கடைக்குப் போன் போட்டாள். பேசி முடித்தபோது முகம் தொங்கிவிட்டது. "பாசிதான் அதுக்குச் சோறாம். நான் அதோட அடுப்படியவே கழுவி ஊத்திட்டேன்."

நல்ல நாளில் ஓர் உயிர் போனால் அவள் தாங்கமாட்டாள். அதோடு, கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வரும் புது வருஷத்தின் இரண்டாம் நாள் அவள் அக்கா வருவாள். கதவு இடுக்கில் விரலை விட்டுத் தூசி பார்க்கிறவள்.

மழையில் மூவரும் கடற்கரைப் பாறைகளுக்குப் போனோம். "நல்லா... அழுக்கா இருக்கற கல்லா எடுங்க" என்றாள் ஷியூமான், மென்று விழுங்கி.

"இன்னொரு தடவ சொல்லு, போன்ல பதிஞ்சுக்கறேன்" என்றான் ஆகுய். குடையால் அடி வாங்கினான்.

பாசி படிந்து வழவழத்த கற்களைத் தொட்டியில் போட்டுப் பகல் முழுக்க விளக்கை எரியவிட்டாள். கண்ணாடி பச்சையாயிற்று. பிரஷ் இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. கைகளை மட்டும் அடிக்கடி பிசைந்துகொண்டாள்.

அக்கா வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்தாள். "என்னடி, அப்பா இருந்த வீட்டுல சாக்கடைய வளக்கற? அந்த பிரஷ்ஷ எடு."

ஷியூமான் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்க்கா. அவரு சாப்டுட்டிருக்காரு. தட்டைப் பிடுங்காத."

மேனேஜர் கண்ணாடிக்கு வந்து, அக்காவின் மூக்குக்கு நேரே உதட்டை ஒற்றி எடுத்தார். பச்சையில் ஒரு முத்தத் தடம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. வயிறு கொஞ்சம் உருண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்குக்கூட நான் இவ்ளோ மரியாதை குடுத்ததில்ல" என்று முனகிய அக்கா, நாற்காலியை இழுத்துப்போட்டு அன்னாசி கேக்கைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

பிறகு கண்ணாடியைத் தட்டினாள். "இந்தா, அந்த மூலைய அப்படியே விட்டுட்டுப் போற. அதை யாரு திம்பா?"