கைப்பிடி அரிசிக்கு ஆவரேஜ்

என் வீட்டுக்காரருக்கு எது மண்டையில் ஏறினாலும் ஏறும், கணக்கு மட்டும் ஏறாது. அப்படிப்பட்ட மனிதருக்கு நாகர்கோவிலில் சர்க்கார் விவசாய ஆபீஸில் வேலை கிடைத்தது. அதுவும் என்ன வேலை? எந்த ஊரில் எவ்வளவு நெல் விளைந்தது என்று கூட்டிப் பெருக்கி மேலே எழுதி அனுப்புகிற வேலை. ஆக்டிங் குமாஸ்தா என்று பெயர். இலாகா பரீட்சை எழுதித் தேறுகிற வரைக்கும் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவருடையது இல்லை என்று அதற்கு அர்த்தம். ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தார். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று புதிதாக ஒரு பேப்பர் வைத்திருந்தார்கள், அதில்தான் கவிழ்ந்தார். இன்னொரு தடவை தவறினால் ஊருக்குப் போய் வயலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஊர் என்றால் பூதப்பாண்டி, என் மாமனார் வீடு. நல்ல வயல், நல்ல மனிதர்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த அடுக்களையில் நான் நாலாவது மருமகள். குழம்புக்கு உப்புப் போதுமா என்று சொல்லக்கூட எனக்கு முறை வராது. நாகர்கோவிலில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒற்றை அறை ஓட்டு வீடு. மழை பெய்தால் ஒழுகும், சுவரில் கரையான் ஏறும். இருந்தால் என்ன, அந்த அடுப்பு என் அடுப்பு. அதில் நான் வைத்ததுதான் குழம்பு. அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போக நான் தயாராக இல்லை. ஆகவே பரீட்சை அவருக்கு என்றாலும் படித்தவள் நான்தான்.

மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். கணக்கில் என்னை அடிக்க ஆளில்லை. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அவருடைய இங்கிலீஷ் புத்தகத்தை நான் முதலில் படித்துப் புரிந்துகொள்வேன். சாயங்காலம் அவர் ஆபீஸ் விட்டு வந்து கருப்பட்டிக் காப்பி குடித்ததும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். மீன், மீடியன், மோட் என்று மூன்று சங்கதி: கூட்டி வகுத்தால் வருகிற சராசரி மீன், வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பது மீடியன், அதிகத் தடவை வருவது மோட். அவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்றையும் வேதபாடம் ஒப்பிக்கிற மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார். கேட்டால் மடமடவென்று சொல்வார். ஐந்து எண்ணைக் கொடுத்து மீடியன் எது என்றால் கூட்டி வகுத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பொறுமையாக அடுக்களையிலிருந்தே ஆரம்பித்தேன். "ஒரு வாரம் நம்ம வீட்டுல என்னென்ன குழம்பு வச்சேன்னு சொல்லுங்க. அதுல எது நிறைய தடவை வந்துதோ அதுதான் மோட்டு."

"மீன் குழம்பு."

"ஆங், அதேதான். மீன் குழம்பாக்கும் மோட்டு."

எனக்கு ஒரே சந்தோஷம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரிட்டி, அப்போ மீடியன் எது? ரசமா?" என்றார்.

"குழம்ப எப்பிடிங்க வரிசையா நிறுத்துவிய? உயரம் பாத்தா?"

"நீதான சொன்ன, எல்லாத்துக்கும் மூணும் உண்டும்னு."

கையில் இருந்த அகப்பையை அப்படியே சட்டிக்குள் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். இந்த ஆளைக் கட்டிக்கொண்டு நான் பூதப்பாண்டி அடுக்களையில் உமியோடும் புகையோடும்தான் சாகப்போகிறேன் என்று அழுகை அழுகையாக வந்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில், சொந்தமாக எண்களைச் சேகரித்துப் பழகினால்தான் பாடம் மனதில் நிற்கும் என்று போட்டிருந்தது. அதை எழுதியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை. இவர் அதைப் பிடித்துக்கொண்டார். "சபையில கைப்பிடி அரிசி வருகுல்லா? அத அளந்து பாக்கப் போறேன்" என்றார்.

கைப்பிடி அரிசி எங்கள் சபைப் பெண்களின் காரியம். உலை வைத்து அரிசி போடுகிற ஒவ்வொரு நேரமும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கலயத்தை வேதக்கோயிலுக்குக் கொண்டுவந்து வாசலில் இருக்கிற பெரிய பனையோலைக் கடவப்பெட்டியில் கொட்ட வேண்டும். எல்லார் அரிசியும் ஒன்றாகக் கலந்துவிடும். யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பெட்டிக்குக் காவல் நான்தான்.

"அதெல்லாம் அளக்கப்படாது" என்று சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் நேரே உபதேசியாரிடம் போய்விட்டார். எங்கள் சபை உபதேசியாருக்குக் கணக்கு என்றால் கொள்ளை ஆசை. "தாராளமா அளக்கலாம்" என்று சொன்னதோடு நிற்காமல், அளந்து முடிந்ததும் தனக்கும் காட்டச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் நாழியோடு கோயில் வாசலில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கலயமாக வாங்கி அளந்து, பெயரோடு குறித்துக்கொண்டு, பிறகு பெட்டியில் கொட்டினார். ராத்திரி முழுக்கக் கூட்டி வகுத்து ஆவரேஜ் கண்டுபிடித்தார். தப்பில்லாமல் கண்டுபிடித்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஏட்டி, பாதி வீட்டுக்காரங்க ஆவரேஜுக்குக் கீழயாக்கும் குடுக்காவ!"

இதை அவர் என்னிடம் சொன்னதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. உபதேசியாரிடமும் சொல்லிவிட்டார். உபதேசியார் அடுத்த ஆராதனையில் அதையே பிரசங்கமாக்கினார். கர்த்தருக்குக் கொடுப்பதில் சபையில் பாதிப்பேர் சராசரிக்கும் கீழே இருக்கிறார்கள், இது எவ்வளவு பெரிய வெட்கம் என்று கேட்டார். வரும் வாரம் ஒரு வீடுகூடச் சராசரிக்குக் கீழே இருக்கக் கூடாது என்று கட்டளையும் போட்டார். கீழே இருந்தவர்களின் பெயர்களை ஒன்று ஒன்றாக வாசித்தார். எனக்கு முன் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி முறைத்தேன். அவர் ஏதோ பதக்கம் வாங்கினவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மறுவாரம் எல்லாக் கலயமும் கனத்தது. ரோஷம் வந்துவிட்டதே! புகையிலைக் கடைக்காரர் வீட்டம்மா பிடியாவது கிடியாவது என்று மூட்டையிலிருந்தே ஒரு மரக்கால் அரிசியை அளந்து, வேலைக்காரி தலையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். என் வீட்டுக்காரர் மறுபடியும் கூட்டினார், வகுத்தார்.

"நான் என்னட்டி செய்ய? எல்லாரும் கூட்டித்தான் கொண்டு வந்திருக்காவ. ஆனா இப்பம் முக்கால்வாசிப் பேரு கீழ கெடக்காவ."

"கெடக்கத்தான் செய்வாவ! அந்த அம்மைக்க ஒரு மரக்கால் ஒங்க ஆவரேஜ மேல தூக்கிட்டுல்லா போயிருக்கு! அதுக்குத்தான நான் தொண்டை வறள மீடியன் சொல்லித் தந்தேன்? அத எடுத்தாலும் பாதி வீடு கீழதான் இருக்கும். எல்லாரும் மூட்டை மூட்டையா கொண்டு வந்தாலும் பாதி வீடு கீழதான்!"

"அப்பம் இந்தச் சபை எப்பம்தான் நேராகும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். அடித்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

உபதேசியார் அந்த வாரமும் பெயர் வாசித்தார். பட்டியல் நீண்டிருந்தது. முந்தின வாரம் தப்பித்தவர்களும் இந்த வாரம் அகப்பட்டுக்கொண்டார்கள். இரண்டு வாரமும் முதலில் வாசிக்கப்பட்ட பெயர் ஒன்றுதான், எங்கள் தெருக்கோடியில் இருந்த லேஸ் அக்காவின் பெயர். புருஷன் இறந்தபிறகு மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவர்கள் என்று யாரும் கிடையாது. ஒருவர் வாசலில் போய் நிற்கிற வழக்கமும் கிடையாது.

அந்த அக்கா வியாழக்கிழமை என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். "ஒரு நாழி அரிசி இருக்குமா மக்கா? லேசுக்குக் காசு கெடச்ச ஒடன வாங்கித் தந்திருகேன்" என்றார். அவர் வந்து கேட்டதே எனக்கு ஆச்சரியம். பூதப்பாண்டியிலிருந்து வருகிற கைக்குத்துச் சம்பா என்னிடம் எப்போதும் இருக்கும், நல்ல சிவப்பு. தலை தட்டாமல் குவித்து ஒரு நாழி போட்டேன். பாவம், வீட்டில் சோறு பொங்கி நாளாகியிருக்கும், இன்றைக்காவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய கலயம் வழக்கத்துக்கு மேல் நிறைந்து வந்தது. வாங்கித் துணியை விலக்கினேன். அடியில் கடையில் விற்கிற மலிவான ரங்கூன் அரிசி, வெள்ளை, கொஞ்சம். அதற்கு மேலே முழுக்க என் சிவப்புச் சம்பா. ஒரு மணி குறையவில்லை. லேஸ் அக்கா என்னைப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குள் எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை. கலயத்தைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இதக் கொஞ்சம் பாருங்க. செவப்பு யாருக்க அரிசி?"

"நம்ம அரிசி மாதிரில்லா இருக்கு."

"மாதிரி இல்ல, நம்ம அரிசியேதான். திங்கதுக்குன்னு வாங்கிட்டுப் போயி, ஒங்க ஆவரேஜுக்குக் கொண்டு வந்து கொட்டுகாவ. நீங்க என்னத்தால வகுத்தீங்க? சொல்லுங்க, என்னத்தால வகுத்தீங்க?"

"வீட்டாலதான். எத்தனை வீடு உண்டுமோ, அத்தனையால."

"வீடா அரிசி பிடிக்குது? உலை வைக்கும்பம் தான ஒரு பிடி? நம்ம வீட்டுல ரெண்டு நேரமும் சோறு. அந்த அக்கா வீட்டுல தெனமும் மரச்சீனிக் கெழங்காக்கும் அவிக்காவ. கெழங்குல எங்கேருந்து பிடி அரிசி எடுப்பாவ? வாரத்துல எப்பமாவது ஒரு நேரம் சோறு பொங்குவாவ, அன்னைக்கு ஒரு பிடி வைப்பாவ. உலை வச்ச நேரத்தால வகுத்துப் பாருங்க. அவங்களுக்க பிடி நம்ம வீட்டுப் பிடியவிடப் பெரிசு!"

அவர் கலயத்துக்குள் கையை விட்டு அரிசியை அள்ளிப் பார்த்தார். வெள்ளையும் சிவப்புமாக விரலிடுக்கில் வழிந்தது. பிறகு கலயத்தைப் பெட்டியில் கவிழ்த்துவிட்டு, நாழியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உபதேசியாரைப் பார்க்க உள்ளே போனார். கணக்கு தப்பு என்று சொன்னாராம். எங்கே தப்பு, காட்டும் என்றாராம் உபதேசியார். கூட்டினதும் சரி, வகுத்ததும் சரி, கேட்ட கேள்விதான் தப்பு என்றாராம் இவர். உபதேசியாருக்கு அது விளங்கவே இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பெயர் வாசிக்கவில்லை. அதோடு அளப்பதும் நின்றது.

அதற்குப் பிறகு சாயங்காலப் பாடத்தில் ஒரு அதிசயம் நடந்தது. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அவர் உடனே பென்சிலை எடுப்பதில்லை. "இது யாருக்கக் கணக்கு? எப்பிடி எடுத்தாவ? என்னத்தால வகுக்கணும்?" என்று கேட்பார். சமயத்தில் எனக்கே பதில் தெரியாது. அதற்கும் எரிச்சல் பட்டேன், வேறு என்ன செய்ய?

பரீட்சை திருவனந்தபுரத்தில். எழுத்துப் பரீட்சை முடிந்து கடைசியில் அதிகாரிகள் முன்னால் வாய்ப்பரீட்சையும் உண்டு. விடியற்காலை பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தவர் நடந்ததைச் சொன்னார். ஒரு தாலுகாவில் வீட்டுக்குச் சராசரி இவ்வளவு அரிசி செலவாகிறது, இன்னொரு தாலுகாவில் அதில் பாதிதான் செலவாகிறது, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம். இரண்டாவது தாலுகாக்காரர்கள் சிக்கனமானவர்கள் என்று முன்னால் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவர், "அங்கே வாரத்துக்கு எத்தனை நேரம் உலை வைக்கிறார்கள் என்று விசாரிக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது" என்றாராம். பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னிய?" என்றேன்.

"எங்க தெருவுல லேஸ் பின்னுக ஒரு அம்மான்னு சொன்னேன்."

எப்படி இருக்கும் எனக்கு! குழம்பை வைத்து, அரிசியை வைத்து, அடுப்படியில் நின்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினவள் நான். பெயர் போனது தெருக்கோடிக்கு. இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நிரந்தர உத்தரவு கையில் வந்த அன்றுதான் பேசினேன். ஒழுகுகிற வீடும் என் அடுப்பும் எனக்கே மிஞ்சின.

அன்றைக்கே முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்தேன். முதலில் எடுத்ததை இலையில் பொதிந்து லேஸ் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் நூலும் ஊசியுமாக வாசலில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எங்க வீட்டுல பாஸாயிட்டாவ. எல்லாம் ஒங்களாலதான். திருவனந்தபுரத்துல பெரிய அதிகாரிமாருக்க முன்னால ஒங்களப் பத்தித்தான் சொன்னாவளாம்."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. இலைப்பொதியை வாங்கிக்கொள்ளாமல் என் முகத்தையே பார்த்தார்.

"அங்கயும் எனக்க பேர வாசிச்சாவளா மக்கா?" என்று கேட்டார்.