பெட்டியில் விழுந்த வேலை விண்ணப்பம்

பிரியமானவர்களே, சாகத் துணிந்திருந்த ஒருவன் உங்களோடு பேசுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கிண்டியில் நான் லேத் ஓட்டிய கம்பெனியை ஒரே நாளில் இழுத்து மூடினார்கள். பன்னிரண்டு வருட வேலை போனது. அதன் பிறகு நான் ஏறி இறங்காத தனியார் கம்பெனி இல்லை. எந்தக் கேட்டைப் பார்த்தாலும் ‘வேலை காலி இல்லை’ என்ற பலகை. எட்டு மாதம் ஓடிவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒருவர் டெல்லியைத் திட்டுவார், இன்னொருவர் இங்கே ஆள்பவர்களைத் திட்டுவார். நான் இரண்டு பக்கத்தையும் திட்டினேன். வீட்டுக்கு வந்து என் மனைவி ஜெசிந்தாவையும் திட்டினேன். ஜெபமாலையைத் தொடவில்லை. ஆண்டவர் என்னைக் கைகழுவிவிட்டார் என்றே நம்பினேன். கடற்கரையில் உட்கார்ந்து, இப்படியே உள்ளே நடந்துவிட்டால் என்ன என்று பல சாயங்காலம் யோசித்திருக்கிறேன்.

தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, ஜெசிந்தா மடித்த தாள்கள் இரண்டைக் கொடுத்தாள். "இது மாதா கோயில் மன்றாட்டுப் பெட்டிக்கு. இது நீங்க எழுதின அப்ளிகேஷன், இன்னிக்குப் போறதா சொன்ன கம்பெனில குடுத்துடுங்க."

இரண்டையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். டீக்கடையில் ஒரு கட்சிக்காரர் மடக்கினார்.

"போன ஆட்சிலதான்பா எல்லாத்தையும் மூடுனாங்க. எங்களை இன்னாத்துக்குத் திட்டிக்கினு கீற?"

"இப்போ உங்க ஆட்சிதானே நைனா? ஒரு கம்பெனி கதவாவது தொறந்துச்சா?" என்று கத்தினேன்.

அந்தக் கொதிப்போடு ஒரு தாளைப் பெட்டியில் போட்டேன், மற்றதைக் கம்பெனி வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

மாலை நவநாள் ஜெபத்தில் கோயில் உபதேசியார் பெட்டியிலிருந்த மன்றாட்டுகளை வாசித்தார். ஒரு தாளைப் பிரித்தவர், "ஐயா, நான் பன்னிரண்டு வருடம் லேத் ஓட்டியவன். எட்டு மாதமாக வேலை இல்லை. எந்த வேலைக்கும் வரத் தயார்" என்று வாசித்துவிட்டு என் பெயரையும் சொன்னார். தாள் மாறிப்போனது அப்போதுதான் தெரிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆனால் கோயில் முழுவதும் வழக்கம்போல, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நான் வாய்விட்டு அழுதேன்.

"அப்போ கம்பெனிக்குப் போனதுல இன்னா எழுதியிருந்த?" என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"வேலை கெடைக்கலன்னாலும் பரவால்ல, அவரு உசுரோட வீட்டுக்கு வந்தா போதும்னு" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வெளியே ஐந்தாறு பேர் என்னைச் சூழ்ந்தார்கள். தினமும் டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புகிறவர்கள். "எனக்கும் வேலை போயிடுச்சிண்ணே. வீட்டுல இன்னும் சொல்லல" என்றார் ஒருவர். அடையாற்றில் பம்பு மோட்டார் பட்டறை நடத்திவந்த, எங்கள் கோயிலுக்கு வரும் சவரி அண்ணன், "பாதிச் சம்பளம்தான் குடுக்க முடியும். நாளைக்கு வந்துடு" என்றார்.

கம்பெனியிலிருந்து பதிலே வரவில்லை. பட்டறை வேலையில்தான் பிழைத்துக் கிடக்கிறேன், ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அன்று என்னைச் சூழ்ந்தவர்களில் பலருக்கு வேலை கிடைக்கவே இல்லை. இப்போது புதன்கிழமைதோறும் அவர்களோடு முழங்காலில் நிற்கிறேன்.

வேலை போனதை மறைத்து வைத்திருக்கும் சகோதரரே, ஆண்டவரை நம்பி, பெயரைப் போட்டே மன்றாட்டு எழுதுங்கள். வெட்கப்படாதீர்கள். கேட்டருளும் என்று சொல்ல நாங்கள் இருக்கிறோம்.