நிமிர்த்தி வைத்த பாட்டில்

முதலியார்பேட்டைக் கலியபெருமாள் குடிப்பவன்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எல்லோரும் குடிக்கிற மாதிரி குடித்தவன் அல்ல. மதுவிலக்குக்குத் தப்பி, பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்த ஊருக்கு எல்லை தாண்டி வந்து, அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு தெருவில் புரள்கிறவர்களைக் கண்டால் அவனுக்கே குமட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, ஒரே ஒரு கிளாஸ் பிரெஞ்சு ஒயின். அதையும் ஒரு மணி நேரம் குடிப்பான். கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு அவன் கண்மூடி நிற்பதைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்யும் கன்னியப்பன் மில் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். "இன்னாடா, குடிக்கிறியா, மூக்குப்பொடி போடுறியா?"

உண்மையில் மூக்கு அவனுடையது அல்ல, அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சியினுடையது.

படையல் சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது அல்லவா? செத்தவர்களுக்கு முன்னால் நாம் ருசி பார்ப்பதாவது! கொதிக்கிற குழம்பின் ஆவியை மோந்தே அஞ்சலாட்சி உப்பு சொல்லிவிடுவாள். தெருவில் யார் வீட்டுப் படையல் என்றாலும் அடுப்படிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள், புருஷன் குடிகாரனாகிவிட்டான் என்று அழுதுகொண்டே கிளாஸைப் பிடுங்கினாள். சாக்கடையில் கொட்டப் போனவள் பழக்கதோஷத்தில் ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"ஏங்க, இதுல நாவப்பழம் வாசன வருது. அதுக்கு அடியில ஈர மண்ணு."

கலியபெருமாள் வாங்கி மோந்தான். அதுவரை வெறும் ஒயினாக இருந்தது, அவள் சொன்னபின் நாவற்பழமாக இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அப்படித்தான். அவள் மோந்து சொல்வாள், அவன் குடிப்பான். பொர்தோ என்கிற சிவப்பு ஒயின் வந்தால் பழைய மரப்பெட்டி என்பாள், வெள்ளை ஒயின் வந்தால் எலுமிச்சை இலையைக் கசக்கியது என்பாள். ஒரு சொட்டு அவள் நாக்கில் பட்டதில்லை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவர்கள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்தக் கிளாஸைச் சுற்றித்தான்.

ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். மில்லில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த தொரை, புறப்படுமுன் கலியபெருமாளிடம் ஒரு பழைய பாட்டிலைக் கொடுத்தார். "படுக்க வை" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று இவன் கேட்கவில்லை. தொரையிடம் ஏன் என்று கேட்கிற பழக்கம் அந்த மில்லில் எவனுக்கும் இருந்ததில்லை.

பரண்மேல் படுக்க வைத்தான். மறுநாள் பார்த்தால் நிமிர்ந்து நின்றது.

"நெறஞ்சத யாராவது சாச்சி வெப்பாங்களா? வூட்டுக்கு ஆவாதுங்க," என்றாள் அஞ்சலாட்சி. அவள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. இடம் அடைக்காமல் இருக்கத் தொரை சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டான்.

நல்ல நாள் ஒன்று வரட்டும், திறக்கலாம் என்று இருவரும் பேசிவைத்தார்கள். கப்பல் சரக்கு குறைந்து, கடையில் ஒயின் அருமையாகிப்போனது. எத்தனையோ ஞாயிறு வெறுமனே கழிந்தும் அதைத் தொடவில்லை. மில்லில் ஸ்டிரைக் நடந்து முடிந்தது, கூரைக்கு ஓடு போட்டார்கள். எந்த நாளும் அந்தப் பாட்டிலுக்குப் போதுமான நல்ல நாளாகப் படவில்லை.

அறுபத்தொன்றில் அஞ்சலாட்சிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் மோப்பம் போய்விட்டது. மல்லிகையை மூக்கில் அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் அவளைப் படையலுக்கு யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கோடையில் கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கியது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள் என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும்.

"அந்தப் பாட்டில எடுங்க," என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "நா இருக்கறப்பவே தொறந்துடுங்க."

தக்கையைத் திருகினான். காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. மெஷின் வேலை பார்க்கிறவனுக்கு அது போதும்: ஈரமாகவே இருக்கவேண்டிய வாஷர் காய்ந்தால் காற்று நுழையும். படுத்திருந்தால் ஒயின் பட்டுத் தக்கை நனைந்தே இருந்திருக்கும்; தொரை ஏன் படுக்க வைக்கச் சொன்னார் என்பது இத்தனை வருஷம் கழித்து விளங்கியது. ஒரு வாய் வைத்தான். புளித்துச் சுத்தக் காடியாகியிருந்தது.

தான் நிமிர்த்தி வைத்ததால்தான் கெட்டது என்று அஞ்சலாட்சிக்குத் தெரிந்தால், இருக்கிற கொஞ்ச நாளும் அவள் அதையே நினைத்து மருகுவாள். அது தெரியாமலே அவள் போகவேண்டும். அவனுக்கு அந்த நிமிஷத்தில் வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

"எப்புடி இருக்கு?"

"நாவப்பழம்," என்றான். "அடியில ஈர மண்ணு. அப்புறம் அந்தப் பழைய மரப்பெட்டி." அவள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவளுக்கே சொன்னான்.

கேட்டுக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள். "எனக்குத்தான் மூக்கு போயிடுச்சே. நாக்கு இருக்குதில்ல, குடுங்க."

எப்படி மறுப்பது? கொடுத்தான்.

அஞ்சலாட்சி ஒரு மிடறு குடித்தாள். முகம் சுருங்கியது. கிளாஸைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

"இம்மா புளிப்பா? இதயா இத்தினி வருசமா குடிச்சீங்க? நாம்பாட்டுக்கு மோந்து மோந்து பழம்னேன், பூவுன்னேன். நா சொல்றதக் கேக்கணும்னா இத முழுங்குனீங்க?"

அவள் அதுவரை ஒயின் குடித்ததே இல்லை. ஒயின் என்றாலே இந்த ருசிதான் என்று நம்பிவிட்டாள்.

"ஆமா, அஞ்சல," என்றான். "ஒன் பேச்சக் கேக்கத்தான்."

பொய் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்டில் ஊர் இந்தியாவோடு முறைப்படி சேர்ந்ததற்குக் கொடியும் தோரணமும் கட்டினார்கள், மில்லுக்கு லீவு. கலியபெருமாள் கடைக்குப் போய்க் கிடைத்ததில் நல்லதாக ஒரு பொர்தோ வாங்கி வந்தான். குளித்து, துவைத்த வேட்டி கட்டி, கிளாஸில் ஊற்றி மூக்கை வைத்தான். சரக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாவற்பழம் வரவில்லை, ஈர மண் வரவில்லை, எதுவுமே வரவில்லை. 'ஒன் பேச்சக் கேக்கத்தான்' என்று அன்று அவளிடம் தான் சொன்னது பொய்யே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவள் உட்காரும் பக்கமாகக் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு வாய்விட்டு அழுதான்.