பாதத்தைப் பார்த்த ஈட்டி

நிக்கோபார் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்ற மேவிஸின் கால்விரல்களுக்கு ஒரு சாண் அப்பால், மணலில் ஒரு திருக்கை கிடந்தது. வாலில் விஷமுள்.

"அசையாதடி!" என்றான், அவளுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் நின்ற கணவன் ஏனோக். அவள் தலையைத் திருப்பினாள். ஓங்கிய ஈட்டி, திருக்கையை விட்டு அவள் பாதத்தைப் பார்த்தது.

பன்றிகளுக்குத் தேங்காய் போடவில்லை என்று காலையில் அவனை வாய்க்கு வந்தபடி ஏசியது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"யோவ், அது என் காலுய்யா!"

ஈட்டி பாய்ந்தது. தண்ணீர் தெளிந்தபோது, குத்துப்பட்டுத் துடித்தது திருக்கைதான்.

"என் காலைத்தானே குறி வெச்ச?"

"தண்ணி எதையும் மேல தூக்கித்தான் காட்டும். மீனையே பார்த்து எறிஞ்சா தாண்டிப் போயிடும். அதான் கொஞ்சம் என் பக்கமா, உன் காலைப் பார்த்து எறிஞ்சேன்."

"காலையில திட்டின கோபமோன்னு பயந்துட்டேன்."

"கோபம் இருக்கு. உன் காலைக் குத்தணும்னா, இன்னும் என் பக்கமா வெறும் மணலைக் குறி வெச்சிருப்பேன்!"